பகலவன் விட்ட மூச்சு

வெள்ளிமலையில் காசியம்மாளின் ஓட்டு வீட்டில் குடியிருந்த மூன்று பேரும் ஒரு பெட்டைக் கோழியும், ஐப்பசி மழை பிடித்த வாரத்திலிருந்து அந்த வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல் ஆனார்கள். கதவுகள் திறந்தேதான் கிடந்தன. கிழக்கு வாசலில் இறங்கினால் மேற்கே இருந்த அடுப்பங்கரை வாசல் வழியாக அதே வீட்டுக்குள் வந்து நின்றார்கள். இதை முதலில் கண்டது கோழிதான். அது வாசலில் இறங்கி, அடுப்பங்கரையில் ஏறி, மறுபடி வாசலில் இறங்கி, ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரே திசையில் நடந்தது. பிறகு களைத்துப்போய் அம்மியின்மேல் உட்கார்ந்துகொண்டது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. வீட்டின் சொந்தக்காரியான காசியம்மாள் தன் கொல்லையில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வந்த வழியே போனாள். குடியிருந்தவர்கள் தன்னோடு படிவரை வந்து, பிறகு காணாமல் போய், பின்பக்கம் பாத்திரம் உருட்டுவதை அவள் ஒரு வாரம் கவனித்தாள். அப்புறம் வழியனுப்ப வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மூன்று பேரும் மலைக்காரர்கள் இல்லை. நிர்மலாவும் அவள் தம்பி பகலவனும் நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டப் போன கொளஞ்சியப்பனின் பிள்ளைகள். மூன்றாவது ஆள் பகலவனின் மனைவி ஜெயசுதா. கொளஞ்சியப்பன் நாற்பத்தைந்து வயதில் மூச்சுக்குத் திணறிச் செத்தார். பீடிதான் காரணம் என்று ஊர் சொன்னது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த தோல்போல இறுகிவிடும் நோய் அது என்பதும், சில குடும்பங்களில் ரத்தத்தோடு இறங்கும் என்பதும் பல வருஷம் கழித்து நிர்மலா படித்துத் தெரிந்துகொண்டது. அவள் சின்னசேலத்தில் பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் இயற்பியல் படித்து, சென்னை, பெங்களூர் என்று போய், ஜெர்மனியில் மூன்று குளிர்காலம் இருந்துவிட்டு, ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள். வேலை கணினியில் மருந்து தேடுவது. சோதனைக் குடுவையோ வெள்ளை எலியோ அவள் தொட்டதில்லை. ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் பகலவன் ஒருமுறை அவளிடமே கேட்டான்.

“ஒடம்புல ஒரு புரதம் கீதுடா. அதுல ஒரு பொந்து. அந்தப் பொந்துல போய்க் குந்திக்கினா அப்புறம் எழுந்திரிக்கவே கூடாது, அந்த மாதிரி ஒண்ணத் தேடிக்கினு இருக்கேன்.”

“இதுக்கா ஜெர்மனி போன? நம்மூரு கட்சி ஆபீசுல பாரு யக்கா. குந்தினா எழுந்திரிக்காதவன் நெறைய பேரு கீறான்.”

பதினோரு வருஷம் தேடினாள். உட்கார்ந்ததெல்லாம் எழுந்து போயிற்று. கணினியில் நன்றாக உட்கார்ந்தவை குடுவையில் உட்காரவில்லை, குடுவையில் உட்கார்ந்தவை எலியைக் கொன்றன. அந்தத் தொழிலில் இது யாருக்கும் அவமானம் இல்லை. ஒரு மாத்திரையும் கடைக்கு வராமலே ஓய்வு பெறுகிறவர்கள் அதிகம். கம்பெனி கடைசியில் நுரையீரல் ஆராய்ச்சியையே மூடியது. அதே வருஷம் பகலவன் இருமத் தொடங்கினான். அவன் பீடியைக் கையால் தொட்டவன் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி லாரி ஓட்டியவன். மாடி ஏற முடியாமல் போய், பிறகு சட்டை மாட்ட முடியாமல் போனபோது, கீழே சோளம் அடிக்கிற தூசியில் இருக்கமாட்டேன், மலைக்குக் கொண்டுபோங்கள் என்றான். உயரத்தில் காற்று கம்மி, வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அவன் கேட்கவில்லை. கச்சிராயபாளையம் வழியாக மலையேறும்போது ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான்.

நிர்மலா ஒரு கணினியோடு வந்து சேர்ந்தாள். தம்பியின் ரத்தத்தைச் சோதித்து, அவனுடைய புரதத்தில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு மாற்றம் எங்கே என்று கண்டுபிடித்து, அதையே கணினிக்குள் அணு அணுவாகக் கட்டினாள். இப்படிக் கட்டிய புரதம் எப்படி அசைகிறது என்று பார்க்க, அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும்; எல்லாம் கணக்கில்தான். பெட்டிக்குச் சுவர் இருந்தால் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும், உடம்புக்குள் அப்படிச் சுவர் கிடையாது. அதனால் கிழக்கே வெளியேறுவது மேற்கே உள்ளே வரும்படியும், மேலே போவது கீழிருந்து வரும்படியும் அமைத்துவிடுவார்கள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வது இது. ஒரே ஒரு விதி உண்டு. பெட்டி போதுமான அளவு பெரிதாக இருக்கவேண்டும். சிறிதாக இருந்தால் புரதம் சுற்றிவந்த தன்னுடைய பிம்பத்தையே தொட்டுவிடும். அதன்பிறகு வரும் கணக்கு எதையும் நம்ப முடியாது. இந்தத் தப்பைச் செய்த புதுப் பிள்ளைகளை நிர்மலா ஹைதராபாத்தில் கடிந்துகொண்டிருக்கிறாள். ஆனால் அங்கே தளம் நிறையக் கணினி இருந்தது, இங்கே ஒன்றுதான். பெரிய பெட்டி என்றால் வருஷக்கணக்காகும். தம்பிக்கு அவ்வளவு நாள் இல்லை. பெட்டியை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கிக் கணக்கை ஓடவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் அது. அன்று மதியம் பகலவன் கடைசி மூச்சை விட்டான். ஜெயசுதா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். மூச்சு வெளியேறியதையும், அது போகிற போக்கில் வாசல் நிலையில் தொங்கிய மாவிலைச் சருகுகள் அசைந்ததையும் பார்த்தாள். வாயைத் திறந்து அழப்போனவள், அடுப்பங்கரைத் திரை உட்பக்கமாகப் புடைப்பதைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். மூச்சு அந்த வழியாக வந்து, தரையோடு நகர்ந்து, கட்டிலில் ஏறி, அவன் மூக்குக்குள் போயிற்று. நெஞ்சு எழுந்தது. திரும்பவும் விட்டான், திரும்பவும் வந்தது. சாயங்காலம் அவன் காப்பி கேட்டான். ஆக்சிஜன் குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள்.

பனி விலகிய நாட்களில் மற்றதும் தெரிந்தது. வாசல் வழியாகப் பார்த்தால் முன்னால் ஒரு வீடு. அதன் அடுப்பங்கரை, அதன் கட்டில், கட்டிலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பகலவன். அவனுக்கு முன்னால் இன்னொரு வீடு, இன்னொரு முதுகு. மலை விளிம்பு வரை அப்படியே போயிற்று. ஒருவன் முகத்தையும் பார்க்க முடியாது. ஜெயசுதா நடந்தால் ஓட்டுக்குமேல் யாரோ நடந்தார்கள், நின்றால் நின்றார்கள். அவள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்தால் தரைக்கடியிலும் ஒரு குடம் இறங்கியது. ஒரு மாதம் பயந்தாள், பிறகு குடத்தை மெதுவாக இறக்கப் பழகினாள். காசியம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, எம் மண்ணுல என்னைக் கேக்காம இத்தினி வூடு கட்டிக்கினு குந்தினுகிறீங்க? கூரை வேயற ஆளாச்சும் நம்ம ஆளா?” என்றாள்.

“நீ வேற பெரிம்மா. எல்லாத்தயும் நான்தான் பெருக்கணும்போல கீது” என்றாள் ஜெயசுதா. அவள் அந்த நாட்களில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

தை பிறந்தபோது கணினியில் ஒரு மூலக்கூறு பொந்தில் உட்கார்ந்தது. மாசியிலும் எழுந்திருக்கவில்லை. நிர்மலா ஹைதராபாத்தில் தன் பழைய மேலாளரான பிரவீன்குமாருக்குச் சொன்னாள். அவர் தொலைபேசியிலேயே கத்திவிட்டார். மூடிய ஆராய்ச்சியைத் திறக்கப் போவதாகவும், எலி முடிந்ததும் இந்த நோய்க்காரர்களைத் திரட்டி அவர்களுக்கே கொடுத்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். பெட்டியின் அளவை அவர் கேட்கவில்லை. நிர்மலா அப்படிப்பட்ட தப்பைச் செய்வாள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

பகலவனுக்கு வலி இல்லை, பசி இருந்தது, ஆனால் மூச்சு பழசாகிக்கொண்டே வந்தது. திரும்பத் திரும்ப அதே மூச்சுதான். மாசிக் கடைசியில் அதற்குப் பூட்டிக் கிடந்த லாரிக் கேபினின் வாடை வந்துவிட்டது. பங்குனியில் வீடுகள் நெருங்கின. ஒருநாள் காலை அவன் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, முன்னால் இருந்தவன் முதுகைத் தொட்டான். அதே நேரம் தன் முதுகில் ஒரு கை படுவதை உணர்ந்தான். அந்தக் கை சில்லென்று இருந்தது என்றான். கையை எடுக்கட்டும் என்று இவன் காத்திருந்தான், அவனும் காத்திருந்தான்.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த நிர்மலா அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரையில் புரதத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியேதான் இருந்தது. மருந்தைப் பொந்து பிடித்துவைத்திருக்கவில்லை. புரதத்தின் பிம்பம் அடுத்த பெட்டியிலிருந்து வந்து அதைப் பின்னாலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. எழுந்திருக்க இடம் இல்லாததால்தான் அது எழுந்திருக்கவில்லை.

உண்மையா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது: ஓடுகிற கணக்கை நிறுத்திவிட்டுப் பெரிய பெட்டியில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நிறுத்தினால் மூச்சு திரும்பி வராது. நிறுத்தாமல் பேசாமல் இருந்தால், முகம் தெரியாத நோயாளிகள் ஒன்றுக்கும் உதவாத மருந்தைத் தின்றுகொண்டு, மற்ற மருந்துகளை விட்டுவிட்டுச் சாவார்கள். அவள் இதை மூடி மறைக்கவில்லை. அன்றைக்கே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

“எவனோ எங்கியோ சாவறான் அண்ணி” என்றாள் ஜெயசுதா. “நீங்க படிச்சவங்க, உங்களுக்கு அது தெரியிது. எனக்குத் தெரியல. எங்க வூட்டுக்காரரு மூச்சு வுடறாரு. அது எப்படி வந்தா எனக்கின்னா?” அன்றிலிருந்து அவள் கணினி மேசைக்கு அடியிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் பகலவன், சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னான். “யக்கா, நான் லாரி ஓட்டினவன். சின்னசேலம் போறேன்னு கிளம்பினா சின்னசேலம் வரணும். அடுப்பங்கரை வரக்கூடாது.”

“சும்மா கெட” என்றாள் ஜெயசுதா.

“இன்னும் கேளு. முன்னால குந்தினுகிறான் பாரு, அவனுக்கு மூச்சு இல்ல. ரொம்ப நாளா இல்ல. தொட்டுப் பாத்தேன். அவன் எப்படியோ நானும் அப்படித்தான். நீ மட்டும் தெனமும் எனக்குத் தல சீவி வுடற.”

ஜெயசுதா அகப்பையைக் கீழே வைத்தாள். தரைக்கடியில் ஓர் அகப்பை வைக்கப்பட்டது. அவள் வாசலுக்குப் போய், வரிசையாகத் தெரிந்த வீடுகளில் தன் முதுகு ஒவ்வொன்றும் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை வெகுநேரம் பார்த்தாள். அந்த முதுகுகளுக்கு முன்பக்கம் அழுகிறார்களா இல்லையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. பிறகு உள்ளே வந்து, பெட்டியை எவ்வளவு பெரிதாக்க முடியும் என்று கேட்டாள்.

எவ்வளவு வேண்டுமானாலும், என்றாள் நிர்மலா. பெரிதாக ஆக, கிழக்கே போனது சுற்றி மேற்கே வந்து சேர நாளாகும்.

“அப்ப சின்னசேலத்துக்கும் அந்தாண்ட வரைக்கும் போடுங்க. ரயிலடியெல்லாம் பாத்துட்டுப் போவட்டும்.”

நிர்மலா புதுப் பெட்டியை அளந்து, தண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் சரிபார்த்தாள். கடைசி விசையில் அவள் விரல் இறங்கவில்லை. ஜெயசுதா அவள் கையை விலக்கினாள். “நானே அமுக்கறேன் அண்ணி. நீங்க அமுக்கினா நாளைக்கி உங்க மேல பழி போடுவேன். எம் புத்தி எனக்குத் தெரியும்.”

பகலவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஜெயசுதா அமுக்கினாள். வீடுகளின் வரிசை பனி விலகுவதுபோல் விலகியது. வாசலுக்கு நேரே காசியம்மாளின் கொல்லையும் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும் நின்றன. அவன் மூச்சை விட்டான். அது வாசலில் இறங்கி, கொல்லையைக் கடந்து, மரவள்ளி இலைகளை ஒரு கோடாக அசைத்துக்கொண்டு சரிவில் போயிற்று. பெண்கள் இருவரும் அடுப்பங்கரைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகலவனும் கொஞ்ச நேரம் பார்த்தான். திரை அசையவில்லை. கோழி அம்மியிலிருந்து இறங்கி வெளியே போனது, திரும்பி வரவில்லை. மறுநாள் பாடையைக் கிழக்கு வாசல் வழியாகத் தூக்கினார்கள். அது நேராகக் கீழிறங்கி, நைனார்பாளையத்துச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரிய பெட்டியில் மருந்து ஒரு வாரம்கூட உட்காரவில்லை. நிர்மலா தன் தப்பை ஹைதராபாத்துக்கு ஒளிக்காமல் எழுதினாள். பிரவீன்குமார் வருத்தப்பட்டார், ஆராய்ச்சியை மறுபடி மூடினார். அவள் இப்போது வேறு கம்பெனியில் வேறு புரதத்தைப் பார்க்கிறாள். கணினியை மட்டும் வெள்ளிமலையில் விட்டுவிட்டுப் போனாள், கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெயசுதா காசியம்மாளின் கொல்லையில் பாதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்குச் சற்று முன்னால், மேற்குப் பக்கத்திலிருந்து அது வருகிறது. சரிவில் மரவள்ளி இலைகள் ஒரு கோடாக அசைவது தூரத்திலேயே தெரிந்துவிடும். இப்போது அதில் பழைய வாடை இல்லை. கரும்பாலை, மழைபட்ட தண்டவாளம், யார் வீட்டிலோ தாளிக்கிற கடுகு என்று ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் நுழைந்து, கட்டில் பக்கம் ஒரு கணம் தயங்கி, கிழக்கு வாசலில் இறங்கிப் போகும். இலைகள் அசைவதைக் கண்டால் காசியம்மாள் தன் கொல்லையிலிருந்தே குரல் கொடுப்பாள். ஜெயசுதா ஓடிப்போய் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைப்பாள். புகை அவனுக்கு ஆகாது.