வாசலா, கொல்லையா

ஐப்பசி பிறந்தால் வலங்கைமான் பக்கத்துக் களிமண் வாயை மூடிக்கொள்ளும். மேலே ஊற்றுகிற தண்ணீர் சொட்டுக்கூட உள்ளே இறங்காது. சின்ன வயசிலிருந்து அந்தச் சேற்றில் நின்ற வீரையனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மனுஷன் ஏமாந்தார்.

எப்படி ஏமாந்தார் என்று கேளுங்கள். போன வருஷம் புது வீடு கட்டியது சித்திரையில். அப்போது நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கக்கூசுக்காகக் கொல்லையில் குழி வெட்டி, சிமெண்டு உறைகளை இறக்கி, ஒரு டேங்கர் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். கடகடவென்று குடித்துவிட்டது. ஐயாவு கொத்தனார் மீசையைத் தடவிக்கொண்டார். தண்ணீர் போனது வெடிப்பு வழியாக என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சொந்த வீடு கட்டுகிற சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எதுதான் தோன்றும்?

மழை வந்தது, குழி ரொம்பியது, ஊற்றினதெல்லாம் திரும்பி மேலே வந்தது. அந்த அழகில்தான் மகள் இசைவாணிக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை காலையில் எழுந்ததும் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று பைக்கைக் கிளப்பிவிடுவார். அவர் போனது பெட்ரோல் பங்க் கக்கூசுக்கு என்று தெருவுக்கே தெரியும். வீரையன் மட்டும், "மாப்பிள்ளைக்கு உலக நடப்புல எவ்வளவு அக்கறை பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். பாவம்.

இப்போது இசைவாணி ஆறு மாசம். பிரசவம் ஐப்பசியில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வீரையன் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதற்குள் நல்ல கக்கூசாகக் கட்டிவிட வேண்டும் என்று, திருச்சியில் கட்டட கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் பரிதியை வரச்சொன்னார். ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை பரிதியும் ஐயாவுவும் மேடு பள்ளம் பார்க்கிற டியூப் லெவலைப் பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி வந்தார்கள்.

"உறைக்குழி இனிமே ஆகாதுப்பா," என்றான் பரிதி. "எத்தனை உறை இறக்கினாலும் மழையில ரொம்பிடும். அடைச்ச தொட்டியாக் கட்டினா, ரொம்பறப்பல்லாம் லாரி வந்து எடுக்கணும். மழைக்காலத்துல நம்ம தெருவுக்குள்ள லாரி ஏது? தொட்டியக் கட்டி, அதுலேர்ந்து வர்ற தண்ணிய ஜல்லியும் மணலும் கொட்டின மேட்டுப் பாத்தியில விட்டு, கல்வாழை வெச்சுட்டா அது உறிஞ்சிக்கும். அதுதான் நமக்குச் சரி."

"செஞ்சுட்டாப் போச்சு. கொல்லையில எடம் கெடக்கே."

"கொல்லை பள்ளம்ப்பா. மழையில முழங்கால் தண்ணி நிக்குது."

"மண்ணடிச்சு மேடாக்கு."

"மேடாக்கினா தெருத்தண்ணி வாய்க்காலுக்கு வடியாது. பக்கத்துல தங்கமணி அத்தை வீட்டுக்குள்ள பூந்துடும். மேடுன்னா நம்ம வாசப்பக்கம் ஒண்ணுதான்."

வீரையன் முகம் செத்துவிட்டது. "வாசல்ல பீத்தொட்டியா? என் உசிரு இருக்கறவரைக்கும் நடக்காது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பண்ணை வீட்டில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் கொல்லை வழியாகப் போய்க் கொல்லை வழியாக வந்தவர். கூலி நெல்லை அளந்ததும் கொல்லையில், சோறு போட்டதும் கொல்லையில். அவர் அப்பனுக்கும் அதே வழிதான். அந்த வீட்டு வாசற்படி எத்தனை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இப்போது தெருவைப் பார்த்துச் சொந்தமாக ஒரு வாசல். நீலப் பெயிண்ட் அடித்த கேட். வேலை இருக்கிறதோ இல்லையோ, தினம் பத்து தடவை அந்த வாசல் வழியாக வெளியே போய் உள்ளே வருவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு வயிறு குளிரும்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு வாசலுக்குக் காத்துக் கெடந்தேன்டா," என்றார் மகனிடம். "வர்ற சனம் அதுல கால் வெக்கறதுக்கு முன்னாடி மூக்கப் பிடிக்கணுமா?"

"மூடின தொட்டிப்பா, நாத்தம் வராது" என்று பரிதி சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அந்த நேரம் பார்த்து இசைவாணி போன் செய்தாள். "அப்பா, பிரசவத்தை இங்க மாமியார் வீட்டுலயே, கரூர்லயே பாத்துக்கறேன்ப்பா. டாக்டர் அலையக் கூடாதுங்கறாங்க."

போனை வைத்ததும் வீரையன் குதித்தார். "எல்லாம் சம்பந்தி வீட்டுக்காரங்க வேலை. நம்ம வீடு அவங்களுக்கு எளக்காரமாப் போச்சு."

மனைவி வேம்பு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அவங்களை ஏன் வாரிக் கொட்டுறீங்க? தலைதீபாவளிக்கு வந்த புள்ள, இருந்த மூணு நாளும் பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்துச்சு, தெரியுமா உங்களுக்கு?"

"ஏன்?"

"ஏனா? குடிச்சாப் போக வேண்டியிருக்கும்ல. எங்க போகும்? ஊருக்குப் போனதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுப் பாட்டில் ஏத்தினாங்க. அப்பாகிட்ட சொல்லாதம்மா, மனசு ஒடிஞ்சிடும்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நானும் இத்தனை நாளா முழுங்கிக்கிட்டு இருந்தேன்."

நாற்றுக்குத் தண்ணீர் காணவில்லை என்றால் ராத்திரியெல்லாம் வாய்க்கால் கரையில் கிடக்கிற மனுஷன் வீரையன். தான் பெற்ற மகள் தன் வீட்டில் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறாள், அவளுக்கு இவர் அதிரசத்தைத் தின்னு தின்னு என்று ஊட்டியிருக்கிறார்.

அவர் போய் மண்வெட்டியை எடுத்தார். வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "பாத்தி எவ்வளவு அகலம்டா வேணும்?" என்று பரிதியைக் கேட்டார்.

"ஆடியில கடைக்கால் எடுக்க மாட்டாங்களே," என்று இழுத்தார் ஐயாவு. "ஆவணி பொறக்கட்டுமே."

"புள்ளத்தாச்சிக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? கயித்தப் புடிங்க கொத்தனாரே."

முதல் வெட்டை அவரே போட்டார். பிறகு மகளுக்குப் போன் போடச் சொன்னார். பரிதி ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தான்.

"தாயி, ஐப்பசிக்கு இங்க வந்துடு. வயிறு நெறையத் தண்ணி குடிக்கலாம். வாசல்லயே தொட்டி கட்டுறேன்."

அம்மா சொல்லிவிட்டாள் என்று இசைவாணிக்குப் புரிந்துவிட்டது. "வாசல்லயாப்பா? வேணாம்ப்பா. உங்க வாசல் போயிடுமே" என்றாள்.

வீரையன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"நீ வர முடியாத வீட்டுக்கு வாசல் எதுக்குத் தாயி?"