இரும்பு ஏதும் இருக்கா?

"உடலினுள் உலோகப் பொருட்கள் உண்டா?" என்று படிவத்தில் இருக்கிறது. அதை அப்படியே வாசித்தால் ஆட்கள் என்னைச் சோதனை எடுக்க வந்த ரீச்சரைப் போலப் பார்ப்பார்கள். அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்க வருகிறவர்களிடம் நான் எங்கள் பேச்சிலேயே கேட்பேன்: "உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

கொக்கட்டிச்சோலைக் கனகசிங்கத்திடமும் அதைத்தான் கேட்டேன். அறுபத்தெட்டு வயது, வேளாண்மைக்காரர். மூன்று மாதமாக வலது கால் மரத்து, வயல் வட்டைக்குள் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். முதுகெலும்பின் படம் இல்லாமல் கத்தி வைக்க முடியாது, பிந்தினால் கால் திரும்பாது என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இல்ல மகள்."

கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. அடுத்தது, "இதய முடுக்கி உண்டா?" அப்படி எதுவும் தான் வாங்கவில்லை என்றார். இரண்டுக்கும் "இல்லை" என்று சரி போட்டேன்.

பிறகு மணிக்கூடு, சாவி, போன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். எங்கள் காந்தம் சாவிக்கொத்தையே கையிலிருந்து பறிக்கும். அவர் போனை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவராமல், வலக்கையால் ஊரைச் சுற்றி நீட்டினார்.

"ஏன் ஐயா இந்தச் சுத்து?"

"பற்றறிக்குக் கிட்டக் கொண்டுபோகப்படாதாம்."

"எந்தப் பற்றறி?"

சேட்டின் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார். இடத்தோளுக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒன்று புடைத்திருந்தது. பேஸ்மேக்கர். படிவம் இதய முடுக்கி என்று சொல்வது இதைத்தான். இரண்டு வருசமாக அவருடைய இதயத்தை ஓட வைப்பது அதுதான். காந்த அறையின் கதவு நாலு எட்டில் இருந்தது.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஒண்டும் இல்லெண்டு சொன்னீங்களே!"

"பற்றறி இருக்கா எண்டு நீங்க கேக்கல்லையே, மகள்."

நியாயம். ஸ்கேனை நிறுத்தினேன். பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்பது பழைய கதை. இப்போது பலதுக்கும் எடுக்கலாம். ஆனால் அது எந்த வகை, வயர் எந்த வகை என்று அதன் அட்டையைப் பார்க்க வேண்டும். இதயப் பிரிவு டொக்டர் சம்மதிக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன் அதன் ஓட்டத்தை மாற்றி, முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும். அட்டை எங்கே என்று கேட்டேன். சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பின்னால் என்றார்.

பத்து நாளில் எல்லாம் சரிவந்தது. அட்டையில் இருந்த வகை ஸ்கேனுக்கு ஏற்றது. ஓட்டத்தை மாற்ற இதயப் பிரிவிலிருந்து றுமைஸ் தன் பெட்டியோடு வந்தார். நான் படிவத்தைப் புதிதாக நிரப்பினேன். இம்முறை பற்றறி என்றே கேட்டேன், "ஓம்" என்றார். இரும்பு? "இல்ல மகள்."

பழைய வயர் ஏதும் உள்ளே விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சை எக்ஸ்றே எடுத்தோம். வயர்கள் சரி. வலது தோள்பட்டைக்குப் பின்னால் மூன்று வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. இரண்டு அரிசி அளவு, ஒன்று புளியங்கொட்டை அளவு.

றுமைஸ் என்னைப் பார்த்தார். நான் படத்தைத் தூக்கிக்கொண்டு கனகசிங்கத்திடம் போனேன்.

"ஐயா, இது என்ன?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"ஷெல் பீஸ். தொண்ணூறாமாண்டு ஷெல்லடியில பட்டது."

"ரெண்டு தரம் கேட்டனே! ஏன் இல்லெண்டீங்க?"

"காயம் இருக்கெண்டா இயக்கமெண்டு ஆமி ஏத்திட்டுப் போயிருவாங்க மகள். ஆஸ்பத்திரிக்கும் போகல்ல, என்ட மனிசிதான் மஞ்சள் வச்சுக் கட்டினா. ரோட்டில எந்தச் சென்றியில மறிச்சுக் கேட்டாலும் இல்லெண்டுதான் சொல்ற."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பிறந்ததே அதற்கு ஆறு வருசம் கழித்து. அவருக்கு நானும் ஒரு சென்றிதான்.

ஸ்கேன் டொக்டர் படத்தைப் பார்த்தார். துண்டுகள் நரம்புக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ கிட்ட இல்லை, எடுக்கலாம் என்றார். ஆனால் உடம்பில் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்றார். நான் படிவத்தில் "இல்லை" என்பதை வெட்டி, தோள்பட்டையில் மூன்று ஷெல் துண்டு என்று எழுதினேன். கனகசிங்கம் பேனை பிடித்த என் கையைத் தொட்டார்.

"இத ஆருக்கு மகள் அனுப்புற?"

"ஆருக்கும் இல்ல ஐயா. உங்கட ஸ்கேனுக்கு மட்டும்தான்."

எழுத்து அவருக்குத் தெரியும். நான் எழுதியதை ஒருமுறை வாசித்தார்.

"அப்ப இதையும் எழுதுங்க," என்றார். "தொடையிலயும் ஒண்டு இருக்கு."