அக்காவுக்காகத் தீட்டுப்பட முடியாது

கமிசா அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால், என் கணவர் உசியேல் அவளைத் தன் கையாலேயே அடக்கம் செய்திருக்கலாம். எங்கள் யூத மதத்தில் ஆசாரிய வம்சத்தில், அதாவது கோயில் பூசாரிகளின் வழியில் பிறந்த ஆண், பிணம் இருக்கும் கூரையின் கீழ் நிற்கக் கூடாது. பெற்றவர்கள், மனைவி, பிள்ளைகள், சகோதரன் இவர்களுக்காகத் தீட்டுப்படலாம். கட்டிக்கொடுக்காத சகோதரிக்காகவும் படலாம். கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் வேறு வீட்டுக்காரி.

எருசலேமில் கோயில் இடிந்து இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது. பலியும் இல்லை, பீடமும் இல்லை, தீட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. இதை நான் சொன்னால் உசியேலின் முகம் சுருங்கிவிடும். அக்கா சொன்னால் சிரிப்பார்.

"கோயிலே இல்லாத ஊர்ல பூசாரிக்கு என்னடா இவ்வளவு ஜம்பம்?"

"நாளைக்கே கட்டிட்டாங்கன்னா? கூப்பிட்டா போக வேண்டாமா?"

"போவ, போவ. ஒரு ஆட்டை அறுக்கச் சொன்னா மயங்கி விழுவ!"

அவர்கள் அம்மா பிறந்த மண்ணான ஜெர்பா தீவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் சுமந்து கப்பலேறி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவள் அக்காதான். அவளுக்குப் புற்றுநோய் முற்றியதும் உசியேல் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "கடைசி மூச்சு வரைக்கும் அவ கையைப் பிடிச்சிருப்பேன். அது நின்ன நிமிஷம் வெளியே வந்துடுவேன். அதுக்கு எந்தத் தடையும் இல்ல."

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே பிணம் இருந்தால் எரியும். எரிந்தால் அவர் வெளியே நிற்பார், அணைந்தால் மேலே ஓடிவருவார். பெண்களுக்கு இந்தத் தடை கிடையாது. அதனால் நான் அக்கா பக்கத்திலேயே இருந்தேன்.

அன்று மதியம் அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கண்மூடிக் கிடந்தாள். திடீரென்று இயந்திரம் கீச்சென்று அலறியது. திரையில் கோடு நேராக ஓடியது. உசியேல் கையை உதறிவிட்டு ஓடினார். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. அப்படி ஓடச் சொல்லித்தான் அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்திருந்தார்கள்.

நர்ஸ் வந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா, ஒயர் கழண்டிருக்கு," என்று மாட்டிவிட்டாள். கோடு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "எங்க அவன்?"

நான் பதறிப்போய் போன் செய்தேன். அவர் வாசலைத் தாண்டியிருந்தார். திரும்பி வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வேறு ஏதோ மாடியில் யாரோ போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விளக்கைக் கல்லால் அடித்து உடைத்திருப்பேன்.

போனை அக்காவின் காதில் வைத்தேன். அவர் அழுவது எனக்கே கேட்டது.

"அக்கா, நான் வந்துடவா? சொல்லு, வந்துடறேன்."

"வேணாம்டா. அங்கயே நில்லு. தீட்டாயிட்டா அப்பா மேலேர்ந்து என்னைத்தான் திட்டுவாரு."

"அக்கா..."

"போய் ஏதாவது சாப்பிடு, போ."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் வேணாம்னு சொன்னாலும் வந்துடுவான்னு நெனச்சேன்டி."

நான் மறுபடி போனை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தலையசைத்தாள். அந்தப் பிடி தளர்ந்தபோதும் கண் கதவில்தான் இருந்தது.

கீழே இறங்கிப் போனேன். உசியேல் நடைபாதை ஓரத்தில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், சாவுக்குச் செய்யும் எங்கள் முறைப்படி, சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கிழித்தார்.

"கடைசியா என்ன சொன்னா?"

"நீங்க ஓடினதுக்குச் சிரிச்சாங்க. இந்த வயசுல என்ன ஓட்டம் ஓடுறான்னாங்க."

அவரும் சிரித்தார். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"அப்ப, என்மேல கோபமில்லையே?"

"இல்லங்க."

அது பொய்யில்லை. அக்காவுடையது வெறும் கோபமாக இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.