நாற்பது விநாடி

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டமாம். "ஒரே ஒரு பக்கம்மா. பொறந்தது, பட்டாளத்துல சேர்ந்தது, ரிடையர் ஆனது, குடும்பம். நான் மேடையில படிச்சிடறேன்" என்றார். எழுபத்தெட்டு வருஷத்தை ஒரு பக்கத்தில் மடித்துக் கொடு என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் இரண்டு தடவை கத்திவிட்டேன். மூன்றாவது தடவை கத்தவில்லை. "வீட்டுக்கு வாங்க சார். தர்றேன். எனக்கும் உங்களால ஒரு காரியம் ஆகணும்" என்றேன்.

அந்தக் காரியம் என் போனில் இருந்தது. நாற்பது விநாடி வீடியோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் இடது கை. சாவதற்கு முன்னால் அப்பா அந்தக் கையால் எங்களிடம் ஏதோ சொன்னார். அது என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் நான் எந்தப் பக்கத்தை எழுத?

எழுதாமலும் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஊருக்கே அவர் மிலிட்டரி. பட்டாளத்தை விட்டு வந்து பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தார். "மிலிட்டரி வர்றாருடா, வண்டிய எடு" என்று டிரைவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுவார்கள். வீட்டிலும் அதே அட்டகாசம்தான். அண்ணன் நம்பர் ஒன்று, நான் நம்பர் இரண்டு. காலையில் போர்வை நாலு மூலையும் பொருந்த மடித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலை பின்னுவதும் அவர்தான். பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி அசையாது, புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். "புள்ளைக்கு முழி பிதுங்குது, விடுங்க" என்று அம்மா கத்துவாள். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் லீவு போட்டு என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, மணிக்கு ஒரு தரம் காய்ச்சலை நோட்டில் குறித்தவரும் அந்த மனுஷன்தான். சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். "நான் எங்க சண்ட போட்டேன்? மத்தவங்க போட்டாங்க, நான் தகவல் சொன்னேன்" என்று முடித்துவிடுவார்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரல் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜை, ஜன்னல் கட்டை, என் முதுகு, எது கிடைத்தாலும் டக்டக் என்று தட்டிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. "கல்யாணமான நாள்லேர்ந்து மரங்கொத்தியோட குடும்பம் நடத்தறேன்" என்று சொல்லிக்கொண்டே தன் கையை அவர் கைமேல் வைத்து அமுக்குவாள். அவரும் சிரித்தபடி விட்டுவிடுவார். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அதுவே பழகிப்போனது. அப்பா தட்டினால் பக்கத்தில் இருப்பவர் கையை வைத்து அமுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கொஞ்சல் என்று ஒன்று இருந்தது என்றால் அது அதுதான்.

போன மாதம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் போய்விட்டது. நாக்கும் தொண்டையும் அசையவில்லை. "நீங்க பேசறது எல்லாம் அவருக்குப் புரியும். அவரால பேச முடியாது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அவ்வளவுதானாம். காகிதமும் பேனாவும் கொடுத்துப் பார்த்தோம். இடது கையில் பேனா நிற்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த இடது கை ஆரம்பித்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் நகத்தால் இழுத்து ஒரு கீறல், ஒரு தட்டு, மறுபடி ஒரு கீறல். அப்புறம் நிறுத்திவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். மறுபடி கீறல், தட்டு, கீறல். "இங்க வந்துமா?" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள், கையை வைத்து அமுக்கினாள். நாலு நாளும் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்திருந்தோம். அவர் உருவ உருவ இன்னும் இறுக்கிப் பிடித்தோம். பாசத்தில்தான். வேறு எதில்?

வலிப்பாக இருக்குமோ என்ற பயத்தில் டாக்டரிடம் காட்டத்தான் அந்த வீடியோவை எடுத்தேன். அவர் பாதிகூடப் பார்க்கவில்லை. "நடுக்கம்மா. இருக்கும்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் நர்ஸ் வந்து, "கைய ஆட்டி ஆட்டி ஊசி ரெண்டு தரம் கழண்டுடுச்சு. கட்டித்தான் வைக்கணும். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டேன். ஆறாம் நாள் விடிகாலை போய்விட்டார். கையில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்து, செயலாளர் கேட்ட பக்கத்தில் 'பதினேழு வருடம் சிக்னல் பிரிவில் தந்தி அடித்தார்' என்று எழுதினேன் பாருங்கள், அப்போதுதான் உறைத்தது. அப்பா கீறியதும் தட்டியதும் தந்தி பாஷையாக இருக்குமே. அண்ணனுக்குப் போன் செய்தேன். "போனது போச்சு. ஏன் கிளறுற?" என்று வைத்துவிட்டான். அம்மா மட்டும் பிடித்துக்கொண்டாள். செயலாளரும் சிக்னல்காரர், அப்பாவின் பிரிவிலேயே ஆறு வருஷம் இருந்தவர் என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அம்பது வருஷத்துல நல்லதா ஒரு வார்த்த சொன்னதில்ல அந்த மனுஷன். தட்டியாவது சொன்னாரான்னு பாப்போம்" என்று காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

செயலாளர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. நான் எழுதிய காகிதத்துக்குக் கை நீட்டினார். அதற்குப் பதில் போனை வைத்தேன். "என்னம்மா இது?" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கும்போது அவர் விரலும் தொடைமேல் சேர்ந்து ஆடியது.

"சொல்லுங்க சார். என்ன சொல்றாரு?"

"ஒன்னும் சொல்லலம்மா."

"என்ன சார் வெளையாடறீங்க? இவ்வளவு நேரம் தட்டறாரே!"

"தட்டறாரு. ஆனா இது சேதி இல்ல. நீட்டு, குட்டை, நீட்டு. இதையே திருப்பித் திருப்பி அடிக்கறாரு. 'நான் தயார், நீ தயாரா, பதில் குடு'ன்னு கூப்பிடறது இது. அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வராம நாங்க சேதிய ஆரம்பிக்க மாட்டோம்மா. ஆரம்பிக்கவே கூடாது. பதில் வர்ற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்."

"பதில்னா என்ன செய்யணும்?"

"பெருசா ஒன்னும் இல்ல. அவர் அடிச்சதையே திருப்பி ஒரு தடவ அடிச்சா போதும். தப்பா அடிச்சிருந்தாக்கூட புரிஞ்சுக்கிட்டு அவரு..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

எனக்கு அந்த நிமிஷம் செத்துப்போன மனுஷன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஏன் அப்பா, கட்டின பெண்டாட்டியிடமும் பெற்ற பிள்ளைகளிடமுமா ரூல்ஸ்? நாங்கள் என்ன அடுத்த முகாமா? பதில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? ஏதாவது ஒரு வார்த்தை இந்த போனுக்குள் கிடந்திருக்குமே. இப்போது நான் எதைத் தேடுவேன்? நாலு நாள் கேட்டிருக்கிறார், சொல்லலாமா சொல்லலாமா என்று. பதிலுக்கு நாங்கள் அவர் வாயைப் பொத்தியிருக்கிறோம். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். செயலாளருக்காக டம்ளரில் தண்ணீர். அதை நீட்டக்கூட இல்லை. "படிச்சிட்டீங்களா? என்ன சொன்னாராம்?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினேன். நல்ல மனுஷன், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அவர் கண் அங்கே இங்கே அலைந்து அம்மாவின் கையில் இருந்த டம்ளரில் போய் நின்றது.

"பெருசா ஒன்னும் இல்லம்மா. தண்ணி கேட்டிருக்காரு. அவ்வளவுதான்."

அம்மா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"தண்ணியா?" என்றாள். "ஒரு சொட்டு வாயில போனாலும் நெஞ்சுக்குள்ள எறங்கிடும்னு டாக்டர் சொன்னாரே. பஞ்சுல நனச்சு ஒதட்டுல வெக்கக்கூட நான் விடலையேடி. நர்ஸ் வெக்கறேன்னா. வேணாம், வேணாம்னு நான்தானே தடுத்தேன். நாலு நாளும் தண்ணி தண்ணின்னா கேட்டுக்கிட்டு இருந்தாரு?"

செயலாளர் எழுந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? இருப்பதிலேயே சின்னப் பொய் என்று நினைத்துத்தான் அதை எடுத்தார்.

டம்ளர் சரிந்து அம்மாவின் புடவையெல்லாம் நனைந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. என்னையே பார்த்தாள்.

"நீ சொல்லு. நெசமாவே தண்ணிதானா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு என்ன என்பது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அவர் கூப்பிட்டதைக் கேட்காமல் விட்டவர்களில் நாலு நாளும் அதிக நேரம் அந்தக் கையை அமுக்கிக்கொண்டிருந்தவள் அவள். யாருக்கும் பயப்படாத வாய் என்று எனக்கு ஊரில் பேர்.

"ஆமாம்மா" என்றேன். "தண்ணிதான்."