கிராம்பு மடித்த செப்டம்பர் ஏழு

செப்டம்பர் மூன்றாம் தேதி காலையில், மாடிப்படிக்குக் கீழே தொங்கிய தினசரி காலண்டர் பதினான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. கிழித்தது சுடலைராஜ்தான். டோல்கேட் பக்கம் மளிகைக் கடை, மேலே வீடு. படியிறங்கி வரும் மனைவி செல்லக்கனியின் கண்ணில் பதினொன்றாம் தேதி படவே கூடாது என்று அவருக்கு. ஒரே மகள் அனிஷா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த நாள் அது. அன்றோடு இரண்டு வருடம் ஆகப்போகிறது.

யோசனையும் மகள் தந்ததுதான். செப்டம்பரில் பிறந்தவள் என்பதால் அந்த மாதத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாத்தியதை. பள்ளி பிரேயரில் சொல்ல எதையாவது தேடிப் பிடித்து, முதலில் கல்லாவுக்கு வந்து அப்பாவிடம் ஒப்பிப்பாள். லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழாம், இருந்தும் ஒன்பதாவது மாதமாம், பழைய ரோமில் வருஷம் மார்ச்சில் பிறந்ததாம். முதல் உலகப் போரில் ஒரு செப்டம்பர் இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டது "நம்ம ஹார்பர்லதாம்ப்பா!" ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டில் இங்கிலாந்துக்காரர்கள் காலண்டரைத் திருத்தினார்களாம். இரண்டாம் தேதி படுத்தவர்கள் எழுந்தபோது பதினான்காம் தேதியாம்.

காபி டம்ளரோடு வந்த செல்லக்கனி காலண்டர் முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது என்ன கூத்து?"

"அனி சொன்னால்லா? படுத்தோம், எந்திரிச்சோம், பதினாலுன்னு வச்சுக்கோ கனி."

"பாதியக் கேட்டுட்டு அரிசி மூட்டை இறக்க ஓடிட்டீங்க. மிச்சத்த என்கிட்டல்லா சொன்னா? 'அந்த வருசம் நடுவுல பர்த்டே வர்ற புள்ளைங்க பாவம்லாம்மா? நல்லவேளை, நான் அப்பப் பொறக்கல'ன்னா."

சுடலைராஜ் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அனிஷா பிறந்தது ஏழாம் தேதி. அதையும் சேர்த்தல்லவா கிழித்திருக்கிறார்!

கிழித்த தாளை அந்தக் கடையில் எறிவதில்லை. தராசுக்கு மேலே கம்பியில் குத்தி வைத்து, கிராம்போ மிளகோ மடித்துக் கொடுப்பார். ஓடிப்போய்க் கம்பியிலிருந்து உருவிப் பார்த்தார். காலை வியாபாரத்தில் மூன்று தாள் போயிருந்தன. அதில் ஏழாம் தேதியும் ஒன்று.

மிளகு வாங்கியவர்கள் யாரோ வழிப்போக்கர்கள். கிராம்பு வாங்கியது மட்டும் தெரிந்தவள், பின்தெருப் பூவம்மா. வியாபார நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்திராத மனிதர், செருப்புகூடப் போடாமல் அவள் வாசலில் போய் நின்றார்.

"இன்னா அண்ணாச்சி, அஞ்சு ரூபா கிராம்புக்கு வூடு தேடிக்கினு வந்துகீற? காசு குடுத்துட்டேன்ல?"

"அந்தத் தாளு வேணும் பூவம்மா."

"தாளா? குப்பைல கீதுய்யா, கலீஜா."

சுடலைராஜ் வாசலை விட்டு நகரவில்லை. முகத்தைப் பார்த்த பூவம்மா கேலியை விட்டுவிட்டு, முறத்துக் குப்பையைக் கிளறி, வெங்காயச் சருகுக்கு நடுவே கசங்கிக் கிடந்ததை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, தொடையில் வைத்து நீவிக் கொடுத்தாள்.

"பாப்பா பொறந்த தேதியா அண்ணாச்சி?"

"ஆமா, ஏழாந்தேதி" என்று வாங்கிக்கொண்டார்.

மைதாப் பசை காய்ச்சி, செல்லக்கனி இருந்த தாள்களைக் காலண்டரில் சேர்க்க, மூன்றிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தாள். ஏழாம் தேதி, கிராம்பு வாசத்தோடு அதன் இடத்துக்கு வந்தது.

"பதினொண்ண மட்டும் விட்டுருவோமா கனி? நீ தாங்க மாட்ட."

அவள் நிமிரவில்லை. "போன வருசம் அன்னைக்கு விடியக் கடையத் தொறந்து உக்காந்தீங்க. சாப்பிடக்கூட மேல வரல. நான் அவ யூனிஃபார்ம மடியில வச்சுக்கிட்டுத் தனியா இருந்தேன். தாங்கத்தான் செஞ்சேன்."

சுடலைராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கிழித்தது அவளுக்காக அல்ல.

பதினொன்றாம் தேதித் தாளை அவரே எடுத்தார். பசை விரலெல்லாம் அப்ப, அதன் இடத்தில் ஒட்டினார்.

"அன்னைக்குக் கடை இல்ல கனி. மேலதான் இருப்பேன்."

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று சுவரை அதிர வைத்தது. ஈரம் காயாத காலண்டர் ஆட, இருவர் கையும் ஒரே நேரத்தில் அதை அழுத்திப் பிடித்தன.