கட்டிலுக்கு மேலே பச்சை விளக்கு

இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் வந்ததற்குக் காரணம் இரண்டே நொடி. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே, வீட்டில் உட்கார்ந்தபடி வீடியோவில் மொழிபெயர்ப்பது என் வேலை. அன்று "உங்களுக்குப் புற்றுநோய்" என்றதும் லைன் நின்றுவிட்டது. "இல்லைம்மா" போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை போய்விடும்.

என் கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், இன்டர்நெட் பிளானை ஏற்றுவது. நூறு எம்பிபிஎஸ் வேகத்தை முந்நூறாக்கினார். வேகத்தைச் சோதித்து, பரீட்சையில் மார்க் வாங்கியவர்போல எல்லோருக்கும் காட்டினார். என் பேச்சு மட்டும் திக்கித் திக்கித்தான் போனது.

இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் நான்காவது முறையாக வந்தார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. கூடத்தின் ஒரு மூலையில் என் மேஜை, எதிர் மூலையில் படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரின் கட்டில்.

"வேகமெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"வேகத்த வச்சு நான் என்ன பண்ண? நான் பேசறது அப்பவே போய்ச் சேரணும். அவ்வளவுதான்."

லைன்மேன் ரூட்டரின் செட்டிங்கைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கட்டிலுக்கு மேலே கை காட்டினார்.

"முந்நூறுங்கறது உள்ள வர்றதுக்கு. வெளிய போறதுக்கு உங்க பிளான்ல பத்துதான். அதுல ஒன்பத அந்தக் கேமராவே ராப்பகலா படம் அனுப்பி முழுங்குது. மிச்சத்துல நீங்க வரிசையில நிக்கறீங்க."

கேமரா என் கணவரின் அண்ணன் ஏற்பாடு. தூர தேசத்திலிருந்து அப்பாவை நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமென்று, இருப்பதிலேயே தெளிவானதை வாங்கி அனுப்பினார். அன்றிலிருந்து மாமா தலை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்ட பிறகுதான் காலையில் காப்பியைத் தொடுகிறார். "பெரியவன் பாக்கறான்லம்மா" என்று கேமராவில் எரியும் பச்சை விளக்கைக் காட்டுவார். நானும் நைட்டியோடு அந்தப் பக்கம் போவதில்லை. மாமியார் இல்லாத வீட்டில் ஒன்றரை வருஷமாக எனக்கு அந்தக் கேமராதான் மாமியார்.

"தெளிவக் குறைக்கலாம். ஆப் இருக்கா?" என்று என் போனை வாங்கினார். அதில் யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. அண்ணன் கடைசியாகப் பார்த்தது ஏழு மாதத்துக்கு முன்னால், நான்கு நிமிடம். லைன்மேன் அதைப் படித்துவிட்டு, படிக்காதவர்போல ரூட்டரின் தூசியைத் துடைத்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது. யாரும் பார்க்காத படம் முன்னால் போகட்டும் என்று, ஓர் அம்மாளின் உயிரை இரண்டு நொடி காக்க வைத்திருக்கிறேன்.

"குறைச்சுடவா, இல்ல அனுப்பறதையே நிறுத்திடவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நிறுத்திடுங்க. ஆனா அந்தப் பச்சை லைட் எரியணும்."

போனில் இரண்டு இடத்தில் தட்டினார். "எரியும்மா" என்றார்.

மத்தியானம் வந்த முதல் அழைப்பில், டாக்டர் முடித்த கையோடு என் வார்த்தை நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தலையாட்டினார். யார் பேச்சும் யார் மேலும் இடிக்கவில்லை. வேலை தப்பித்தது என்று ஹெட்செட்டைக் கழற்றினேன்.

மாமா சீப்பைக் கீழே வைத்துவிட்டு விளக்கைப் பார்த்தார். "ஏம்மா, பெரியவன் பாக்கறானா?"

"பாக்கறார் மாமா" என்றேன். ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.