பஞ்சக்கரையில் விட்ட ஆமை

அந்த வாரத்தில் வஹீதாவுக்கு அது ஆறாவது பள்ளிக்கூடம். தொண்டை கட்டியிருந்தது, முழங்கால் வலித்தது. வன உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச, ஒரு சிறிய அறக்கட்டளை அவளைப் பன்னிரண்டு வருடங்களாகப் பள்ளி பள்ளியாக அனுப்பிக்கொண்டிருந்தது. காவிரியின் நீர்நாய், எறும்புதின்னி, நட்சத்திர ஆமை என்று வரிசையாகப் படங்களைக் காட்டுவாள். "இதையெல்லாம் வீட்டுல வளர்க்கக் கூடாது. யாராவது வச்சிருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்று முடிப்பாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். இதுவரை ஒரு பிள்ளையும் வந்து எதையும் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அன்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லோரும் போகும்வரை காத்திருந்து, அவளிடம் வந்தாள். பெயர் கனிஷ்கா.

"மிஸ், மூணாவது படத்துல காட்டினீங்கல்ல, அந்த ஆமை எங்க வீட்ல இருக்கு."

வஹீதாவுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இனி வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவளுக்கு அலுப்புத்தான் வந்தது.

கொள்ளிடக் கரையோரம் பஞ்சக்கரை ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. கனிஷ்காவின் அப்பா நவநீதன் ஆட்டோ ஓட்டுகிறவர். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஆமை இருந்தது. ஓட்டின் மஞ்சள் நட்சத்திரக் கோடுகளின் மேல் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தார்கள். பக்கத்தில் பாதி இட்லி.

"ஃப்ரெண்டு ஒருத்தர் கொடுத்தாரு மேடம். வீட்ல இருந்தா நல்லதுன்னாரு. இதுக்குக் கேஸெல்லாம் உண்டுன்னு சத்தியமா தெரியாது."

வஹீதா வனச்சரகர் ஸ்டீபன்ராஜுக்குப் போன் செய்தாள். அவர் முக்கொம்புப் பக்கம் வேறு வேலையில் இருந்தார். "ஆள் அனுப்ப இன்னைக்கு முடியாது. நீங்களே வண்டி பிடிச்சுக் கொண்டாந்துட்டா நல்லது மேடம். இல்லாட்டி அவரையே ஒப்படைக்கச் சொல்லுங்க" என்றார்.

வனச்சரக அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. போய் எழுதிக் கொடுத்துத் திரும்ப எட்டு மணி ஆகிவிடும். நவநீதன் கை கூப்பினார். "திங்கக்கிழமை காலைல நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன் மேடம்."

வஹீதா ஒரு நிமிடம் ஆமையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "சரிங்க, திங்கக்கிழமை" என்று சொல்லி, தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கனிஷ்கா பேசினாள். குரலில் அத்தனை உற்சாகம்.

"மிஸ், ஆமைய ஆத்துல விட்டுட்டோம். ஆபீஸுக்குப் போனா அப்பாவைப் பிடிச்சு வச்சுக்குவாங்கன்னு யாரோ சொன்னாங்களாம். அதான் காலைலயே போய் விட்டோம். நான்தான் என் கையால விட்டேன். அதுபாட்டுக்குப் போயிடுச்சு மிஸ்."

வஹீதா உடனே கிளம்பினாள். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கொள்ளிடம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆமை புதர்க்காட்டு ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு வகுப்பிலும் அவள் இதைச் சொன்னதில்லை. வளர்க்காதீர்கள் என்பது மட்டுமே அவள் பாடம்.

பாலக்கரையில் தன் வீட்டிலிருந்து அவள் போய்ச் சேர்வதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. விஷயத்தைக் கேட்ட நவநீதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மூவரும் கரையோரமாகவே கிழக்கே தேடிக்கொண்டு போனார்கள். வெயில் ஏறியது. ஒரு வளைவில் ஆகாயத்தாமரைக் கொடிகளுக்கு நடுவே அது சிக்கியிருந்தது. நவநீதன் எடுத்துக்கொண்டு வந்தார். தலையும் கால்களும் வெளியே தொங்கின. மஞ்சளும் குங்குமமும் கரைந்து போய், ஓட்டின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

கனிஷ்கா அதைத் தொடவில்லை.

"நான் உங்ககிட்ட சொல்லாம இருந்திருந்தா இது செத்திருக்காதுல்ல மிஸ்?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட வஹீதாவுக்கு வாய் வரை வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"செத்திருக்காது. இன்னும் கொஞ்ச காலம் அந்தத் தொட்டியில இருந்திருக்கும். நீ சொன்னதுல தப்பே இல்லம்மா. நீ சொன்ன அன்னைக்கே நான் எடுத்துட்டுப் போயிருக்கணும். எனக்கு அலுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன். தண்ணில விடக் கூடாதுன்னும் நான் சொல்லித் தரல."

"நான்தான விட்டேன்" என்றாள் கனிஷ்கா.

வஹீதா தன் துப்பட்டாவின் ஒரு முனையைக் கிழித்து ஆமையைச் சுற்றினாள்.

திங்கட்கிழமை மூவரும் வனச்சரக அலுவலகத்துக்குப் போனார்கள். பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று வஹீதா சொல்லியும் கனிஷ்கா கேட்கவில்லை. நவநீதன் நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வஹீதா தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமையே தனக்குத் தெரியும் என்பதையும், அங்கேயே விட்டுவிட்டு வந்ததையும் எழுதியிருந்தாள்.

ஸ்டீபன்ராஜ் இரண்டு முறை படித்தார். "இது உங்களுக்குத் தேவையா மேடம்? உங்க டிரஸ்டுல கேள்வி கேப்பாங்க. ஆத்தங்கரையில செத்துக் கிடந்துச்சுன்னு எழுதினா யாருக்கும் தொந்தரவில்ல."

"நான் எழுதினதுதான் நடந்தது சார்."

அவர் தாளைக் கோப்பில் வைத்தார். ஆமையைக் கொடுத்த நண்பரைப் பிடித்தால்தான் அவரிடம் இருக்கும் மற்ற ஆமைகளாவது மிஞ்சும் என்று நவநீதனிடம் அந்த விலாசத்தைக் கேட்டார். நவநீதன் சற்றுத் தயங்கி, பிறகு சொன்னார். வழக்கு உண்டு என்றும், நவநீதன் தானாக வந்து சொன்னதையும் அதில் எழுதுவதாகவும் ஸ்டீபன்ராஜ் சொன்னார். அன்றே இரண்டு பேரை அந்த விலாசத்துக்கு அனுப்பினார். துறையூர் போகும் வழியில் ஒரு வீட்டுக் கொல்லையில், கோணிச் சாக்குகளுக்கு அடியில் பதினேழு ஆமைகள் கிடைத்தன. பதினான்கு உயிரோடு இருந்தன; அவற்றை வனத்துறைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் அந்தச் செய்தி வந்தபோது வஹீதா அலுவலக வாசல் பெஞ்சில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் கனிஷ்கா. வஹீதா சொன்னதை அவள் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"அதுங்களுக்கும் நீந்தத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அந்தக் காப்பகத்துல இருக்கறவங்களுக்கு அது தெரியுமா மிஸ்?"

"தெரியும்மா."

நவநீதன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். வஹீதா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.